அம்மாச்சியின் தாம்பாளமும் அண்ணனின் எக்ஸ்ரேயும்

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் ஒரே நாள். மதியம் ஒண்ணேகால் மணிவாக்குல நம்ம தென்மாவட்ட வானத்துல சூரியன் மோதிரமா மாறுச்சு. இந்த ஆயிரமாண்டுலயே நீளமான கங்கண கிரகணம் அது. இந்தியப் பெருங்கடல்ல உச்சமா 11 நிமிஷம் 8 விநாடி, தனுஷ்கோடியில 10 நிமிஷத்துக்கு மேல நீடிச்சது.

அன்னைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்தேன். அம்மாச்சி முத்தத்துல தாம்பாளம் வச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி, "மேல பாக்காதய்யா, தண்ணியில பாரு"ன்னாங்க. ராஜபாளையத்துல பெரியம்மா மகன் மொட்டைமாடியில எக்ஸ்ரே ஃபிலிம் வழியாப் பாத்திருக்கான். சாயங்காலம் ஃபோன்ல யார் பாத்த விதம் சரின்னு ஒரே சண்டை.

ரெண்டு பேருமே தப்பு. எனக்கு அது இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் புரிஞ்சது.

தண்ணி யோசனை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடி பிளேட்டோ எழுதின 'ஃபீடோ'வில் சாக்ரடீஸ் இதைப் பத்திப் பேசறார்: கிரகணத்தைத் தண்ணீரில் பார்க்காமல் நேராகப் பார்ப்பவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று. ஆனா பிரதிபலிப்பும் சும்மா விடாது. நியூட்டன் கண்ணாடியில சூரியனைப் பாத்துட்டு, கண்ணுக்குள்ள அந்தப் பிம்பம் போகாம, மூணு நாள் இருட்டறையில கிடந்தார்.

கணக்குப் போடுவோம். உச்சி வெயில்ல தண்ணி சுமார் 2% ஒளியைத் திருப்பி அனுப்பும். மஞ்சள் கரைச்சாலும் மேற்பரப்பு அதேதான். கிரகணக் கண்ணாடிக்கான ஐஎஸ்ஓ 12312-2 தரம் அனுமதிக்கிற உச்சம் 0.0032%. அப்போ தாம்பாளம் 600 மடங்குக்கு மேல அதிகம்! எக்ஸ்ரே ஃபிலிம் வெளிச்சத்தை மங்கலாக்கும். ஆனா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அதை நம்பி விட முடியாது. கூசாததால நாம இன்னும் நேரம் பாப்போம், அதுதான் ஆபத்து. விழித்திரையில வலி நரம்பு கிடையாது. சுடறது தெரியாது, பல மணி நேரம் கழிச்சு நடுப்பார்வையில ஒரு கறை மட்டும் தெரியும். சிலருக்கு அது போகவே போகாது.

எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. அது அறிவு இல்லை, அதிர்ஷ்டம்.

சரியான வழி அன்னைக்கு அதே முத்தத்துல இருந்துச்சு. வேப்பமர நிழல்ல, இலை இடுக்கு ஒவ்வொண்ணும் தரையில ஒரு குட்டி மோதிரத்தை விழவைக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இப்னு அல்-ஹைதம் கிரகணத்தை வச்சு ஆராய்ஞ்சது இந்தத் துளை வித்தையைத்தான். அட்டையில ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாள் பிடிங்க: 9 மில்லிமீட்டர் அகலத்துல சூரியன் விழும். துளை வழியா சூரியனைப் பாக்காதீங்க, தாளை மட்டும் பாருங்க. கங்கண கிரகணத்துல ஒரு நொடிகூட வெறுங்கண்ணால பாக்கலாம்ங்கிற கட்டமே கிடையாது.

2031 மே 21-ல அடுத்த மோதிரம் தேனி, மதுரை வழியா வருது. அம்மாச்சி சொன்னதுல பாதி சரி, "மேல பாக்காதய்யா." மீதிப் பாதியை மட்டும் மாத்திக்குவோம்: தண்ணியில இல்லை, தரையில பாரு.