எழுத்தறிவார் இல்லாத தூண்

முனிர்காவில் வாழும் தமிழன்பர்கள் மாலைப் பொழுதில் மலை மந்திருக்குச் சென்று முருகனை வழிபடுவதுண்டு. 1973-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், இராமகிருஷ்ணபுரத்தில், லோதி காலக் கல்லறைகள் சிலவும் ஒரு படிக்கிணறும் இருக்கின்றன. பல்லாண்டுகளாக அவற்றைக் கடந்து சென்றோம். ஒரு நாளும் நின்று நோக்கினோமில்லை.

அண்மையில் நண்பர் ஒருவரின் மகள் வரலாற்றில் முதுகலை பயில விரும்பினாள். "கல்லையும் மண்ணையும் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று நண்பர் நம்மிடம் முறையிட்டார். கலைப் பட்டம் பெற்று, அரசுக் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நாம் இதற்கு என்ன விடை பகர்வது? பெரோஸ் ஷா துக்ளக்கின் கதையைக் கூறினோம்.

பதினான்காம் நூற்றாண்டில் அச்சுல்தான் தோப்ராவிலிருந்து பெரியதொரு கற்றூணைப் பெயர்த்தான். இலவம்பஞ்சு மெத்தைமேல் அதனைச் சாய்த்து, தோலும் நாணலும் சுற்றி, பெருவண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளின்மேல் தில்லிக்குக் கொணர்ந்து தன் கோட்டையில் நிறுத்தினான். அதில் பொறித்திருந்தது யாதென்று பண்டிதர்களை வினவினான். படித்துச் சொல்வார் ஒருவருமிலர். அத்துணை உழைப்பும் வாய் பேசாத கல்லுக்கே ஆயிற்று. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளைத் தெளிவுற வாசித்த பின்னரே அது அசோகனின் ஆணை என்பது வெளிப்பட்டது.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. 1966-இல் தென் தில்லியின் பகாப்பூரில், கட்டடப் பணி நடைபெறவிருந்த இடத்துப் பாறையொன்றில் அசோகனின் கல்வெட்டு காணப்பட்டது. எழுத்தென்று அறியும் கண் அங்கே வாய்த்திராவிடில், அப்பாறை எவர் வீட்டுக்கு அடித்தளமாகியிருக்குமோ!

முனிர்காவை அடுத்து 1969-இல் நிறுவப்பெற்ற சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், தமிழகத்து வரலாற்றைப் பயிற்றுவித்தவர் பேராசிரியர் இரா. சம்பகலட்சுமி. தென்னாட்டின் வணிகமும் நகரங்களும் பற்றிய அவருடைய பெருநூல் 1996-இல் வெளிவந்தது. சோழர் கல்வெட்டுகளை மூலத்திலேயே படிக்க முயலும் மாணவருக்குத் தமிழறிவு எத்துணைப் பெருந்துணை! வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தி கற்ற நம் பிள்ளைகளுக்கு அது வழியிலேயே கிடைத்த முதல்.

இடர்களையும் நண்பரிடம் மறைத்தோமில்லை. தொல்லியல் துறை 1959-இல் தில்லியில் தொடங்கிய பள்ளி, பின்னர் நிறுவனமாக வளர்ந்து, இன்று கிரேட்டர் நொய்டாவில் இயங்குகிறது. கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் முதுகலையில் கற்பிக்க 1989-இல் அமைந்த தேசிய அருங்காட்சியக நிறுவனமும் நொய்டாவுக்குப் பெயர்ந்தது. முனிர்காவிலிருந்து யமுனையைக் கடந்து சென்று வருவது எளிதன்று. பணியிடங்களும் குறைவே, படித்தவரெல்லாம் உடனே ஊதியம் பெறுவதில்லை.

நண்பர் ஒன்றும் சொன்னாரில்லை. அடுத்த ஞாயிறன்று கோயிலிலிருந்து திரும்புகையில் அவரையும் மகளையும் அப்படிக்கிணற்றின் அருகே கண்டோம். "இதை வெட்டியவன் யாரம்மா?" என்று அவர் வினவிக்கொண்டிருந்தார்.