பாவ்லியும் ஏரி வாரியமும்

தில்லித் தமிழர்களுக்கு முனிர்கா என்றால் இட்லி மாவு கிடைக்கும் இடம். மலை மந்திருக்குப் பக்கத்து ஊர். ஜே.என்.யூ. பிள்ளைகள் வாடகைக்கு அறை தேடி அலையும் சந்துகள். இதற்கு மேல் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இங்கே உண்டு.

ஆர்.கே.புரம் 5-ஆவது செக்டாரில், அரசாங்கக் குடியிருப்புகளுக்கு நடுவே, வஜீர்பூர் கும்பத் என்ற லோடி காலத்துக் கல்லறைகள் நிற்கின்றன. அவற்றை ஒட்டி ஒரு பாவ்லி, அதாவது படிக்கிணறு. பெயரே முனிர்கா பாவ்லிதான். லோடிகள் ஆண்டது 1451 முதல் 1526 வரை. ஆகக் கிணற்றுக்கு வயது 500-க்குக் குறையாது.

யமுனை ஓடுகிற ஊரில் எதற்குப் படிக்கிணறு என்று கேட்கலாம். யமுனை நமக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, தாழ்வில் ஓடுகிறது. நாம் இருப்பதோ ஆரவல்லி மலைத்தொடரின் வால்பகுதி, காலடியில் பாறை. பழைய சுல்தான்கள் கட்டிய மெஹ்ரோலி, சீரி, துக்ளகாபாத் மூன்றுமே ஆற்றை விட்டுத் தள்ளி இந்தப் பாறை மேட்டில் எழுந்த ஊர்கள்தான். மோட்டார் இல்லாத காலத்தில் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்ற முடியாது. மழையை நிறுத்தி வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

அதனால் இல்துத்மிஷ் 1230 வாக்கில் மெஹ்ரோலியில் ஹௌஸ்-இ-ஷம்ஸி என்ற ஏரியை வெட்டினார். அடுத்த நூற்றாண்டில் தில்லிக்கு வந்த இபின் பதூதா, அது மழைநீரால் நிரம்புவதையும், ஊரார் அதிலிருந்து குடிநீர் எடுப்பதையும் எழுதியிருக்கிறார். ஓரங்களில் தண்ணீர் வற்றியதும் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிடுவார்களாம். அலாவுதீன் கில்ஜி (1296-1316) தன் சீரி நகரத்துக்காக வெட்டிய ஏரி ஹௌஸ்-இ-அலாய். இன்றைய ஹௌஸ் காஸ் அதுதான், முனிர்காவிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அந்தக் காலத்தில் அது நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடந்தது.

வெட்டின கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

1351-ல் பட்டத்துக்கு வந்த பெரோஸ் ஷா துக்ளக், தான் செய்த காரியங்களை 'ஃபுதூஹாத்-இ-பெரோஸ் ஷாஹி' என்ற சிறு நூலில் எழுதி வைத்தார். அதில் இந்த இரண்டு ஏரிகளைப் பற்றியும் சொல்கிறார். ஷம்ஸி ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால்களைச் சிலர் அடைத்துவிட்டார்களாம். அவர்களைத் தண்டித்து வாய்க்கால்களைத் திறந்துவிட்டதாக எழுதுகிறார். அலாய் ஏரி மண் மூடிப் போயிருந்தது. ஏரிக்குள்ளே ஆட்கள் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். அது மட்டுமா? ஏரியின் வயிற்றிலேயே கிணறு தோண்டி, அந்தத் தண்ணீரைக் காசுக்கு விற்றார்கள்! பெரோஸ் ஷா தூர் வாரிய பிறகே அது மறுபடி ஏரியானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டி ஐம்பது சொச்சம் வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு பேரரசின் தலைநகரத்து ஏரி அதற்குள் தூர்ந்து, வயலாகி, தண்ணீர் வியாபாரமும் தொடங்கிவிட்டது. தண்ணீர் லாரி நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெரோஸ் ஷா நல்ல காரியம்தான் செய்தார். ஆனால் ஒரு சுல்தானுக்கு மனசு வந்ததால் நடந்தது அது. மனசு வராத சுல்தான் வந்தால்?

இந்தக் கேள்விக்கு அவருக்கு நானூறு வருடம் முன்பே நம் ஊரில் ஒரு பதில் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலைச் சொல்வது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ஏரி பராமரிப்புக்கென்றே பொன்னும் நிலமும் எழுதி வைத்த செய்திகளும் நிறைய. முதலைத் தொடாமல், வரும் வட்டியில் வருடா வருடம் தூர் வாருவார்கள். அதாவது ஏரியை வெட்டும்போதே அது தூர்ந்து போகும் என்று தெரிந்து, அதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள்.

பிறகு குழாய் வந்தது. யமுனை நீர், அப்புறம் முராத்நகர் வழியாகக் கங்கை நீர் என்று வீட்டுக்குள்ளேயே வந்து கொட்டியதும் பாவ்லியை யார் நினைப்பார்கள்? முனிர்காவின் வயல்கள் ஆர்.கே.புரமாகவும் ஜே.என்.யூ.வாகவும் ஆயின. குழாய் போதாதபோது போர்வெல் போட்டோம். 2000-ல் தெற்கு, தென்மேற்கு தில்லி மாவட்டங்களில் நிலத்தடி நீர் எடுக்க மத்திய ஆணையம் கட்டுப்பாடு விதிக்கும் நிலை வந்தது. 2001-ல் தில்லியில் 100 சதுர மீட்டருக்குக் குறையாத புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2003-ல் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு ஒரு படி மேலே போய், பழைய வீடுகளையும் சேர்த்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றது. அதன் பிறகு சென்னையில் பல இடங்களில் கிணற்று மட்டம் உயர்ந்ததை நம் அம்மா அப்பாவே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் 2019 கோடையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. முந்தைய வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது முதல் காரணம். ஆனால் 2003-ல் அவசரமாகத் தோண்டிய குழிகளில் எத்தனை அதற்குள் மண்ணும் சருகும் அடைத்துக் கிடந்தன என்பதையும் கேட்க வேண்டும். குழி தோண்டச் சட்டம் இருந்தது, வருடா வருடம் அதைக் கழுவ ஒரு வாரியம் இல்லை.

எங்கள் குடியிருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மழைநீர்க் குழிகள். ஒன்றின் மேல் ஒரு பெரிய கார் நிரந்தரமாக நிற்கிறது. மற்றொன்றைப் பார்க்கிங் இடமாக மாற்றிவிடலாம் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். எனவே இந்தக் கணக்கைத் தயார் செய்தேன்.

தில்லியில் வருடத்துக்குச் சுமார் 750 மி.மீ. மழை. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 75,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 60,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க அளவு. நாலு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 540 லிட்டர். அப்படியானால் 110 நாள் தண்ணீர். நாலு மாடிக்கு ஒரே மொட்டை மாடி என்றால் வீட்டுக்கு 27 நாள். குறைவுதான். ஆனால் அந்த 27 நாள் தண்ணீரைத்தான் இப்போது சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

செய்ய வேண்டியதும் பெரிய வித்தையில்லை. ஊரில் நமக்கு ஐப்பசி அடைமழை. இங்கே ஆடி, ஆவணிதான் எல்லாமே. தில்லிக்குப் பருவமழை வருவது ஜூன் 27 வாக்கில். அதற்கு முன் மாடியைப் பெருக்க வேண்டும். குழியின் மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும், சல்லடையில் உள்ள சருகை எடுக்க வேண்டும். முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். குளியலறை, சமையலறைத் தண்ணீரோ கார் நிற்கும் தரையின் எண்ணெய் நீரோ குழிக்குள் போகக் கூடாது. நிலத்தடி நீரே கெட்டுவிடும். வீட்டுக்குள் ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரையும் ஏ.சி. சொட்டும் தண்ணீரையும் வாளியில் பிடித்தால் தரை துடைக்க ஆச்சு.

இந்தப் பொதுக்குழுவில் நான் கேட்கப் போவது ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு பேரை நியமியுங்கள், குழிகளைக் கழுவ ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள், மே மாதம் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். கணக்குக் காட்டாதவர் அடுத்த வருடம் நிற்கக் கூடாது. பஞ்சாபிக்காரரும் ஜாட்காரரும் வங்காளியும் உள்ள கூட்டத்தில் பராந்தக சோழன் எடுபடுவானா தெரியவில்லை. பெரோஸ் ஷாவைச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள்!

சரி, உங்கள் கட்டடத்தில் மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது, கடைசியாக யார், எப்போது அதைத் திறந்து பார்த்தார்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துவிடுங்கள்.