திருகோணமலைத் துறைமுகமும் ஆரம்பப் பாடசாலையும்: பெறுபேறு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

நமது பாடசாலை வரலாறுகள் பெரும்பாலும் ஆண்டுமலர்களில் எழுதப்பட்டவை. நிறுவுநரின் தியாகம், அதிபர்களின் வரிசை, பரீட்சைகளிற் சித்தியடைந்தோர் தொகை என்ற மூன்றுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. பெறுபேறு என்பது பாடசாலைச் சுவர்களுக்குள்ளேயே விளைவது என்ற எடுகோள் இவற்றின் அடியில் உள்ளது. இவ்வெடுகோளைச் சோதிப்பதற்குத் திருகோணமலையைப் போன்று பொருத்தமான மாவட்டம் இலங்கையில் வேறொன்று இருத்தல் அரிது. வகுப்பறையில் யார் அமர்வது என்பதைத் தலைமையாசிரியரிலும் பார்க்கத் துறைமுகமே அங்கு தீர்மானித்து வந்துள்ளது.

பெறுபேற்றுக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதை அடுத்து உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் மாணவர் காட்டிய தேர்ச்சிக்கேற்பப் பாடசாலைக்கு நன்கொடை வழங்கப்பட்டது. பரிசோதகர் வரும் நாளில் வராத பிள்ளையால் வருமானமில்லை. கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளையின் நிலையை இவ்விடத்து எண்ணிப்பார்த்தல் வேண்டும். சம்மாட்டியின் வலையில் பங்குக்கு உழைப்பவன் வீட்டில், மீன்படும் பருவத்திற் சிறுவனின் கைகளும் தேவைப்படுகின்றன; வடகீழ்ப் பருவக்காற்றிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலோ கடனே உணவாகின்றது. அப்பிள்ளையின் வரவின்மையை மந்தபுத்தி என்றோ பெற்றோரின் அசிரத்தை என்றோ பதிந்துகொள்வது எளிது. அவ்வாறு பதிந்தவர்கள் தீயவர்களல்லர். அவர்களுக்குத் தரப்பட்ட படிவத்தில் வேறு நிரல் இருக்கவில்லை.

மூதூரைச் சேர்ந்த எழுத்தாளரும் ஆசிரியருமான வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ என்ற சிறுகதையிற் சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞனைப் படைத்தமை தற்செயலானதன்று. உற்பத்திக் கருவியின் உடைமை பற்றிய அக்கதை, ஒரு வகையிற் கொட்டியாரக் குடாவின் கல்வி வரலாற்றுக்கும் முன்னுரையாகும்.

நகரில் நிலைமை வேறாயிருந்தது. 1867இல் புனித சூசையப்பர் கல்லூரியும் 1897இல் இந்துக் கல்லூரியும் தோன்றின. பின்னது இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்த காலத்தில் விபுலாநந்த அடிகள் அதனை வழிநடத்தினார். மிசனரிமாரின் ஏகபோகத்தை உடைத்ததில் இந்து மறுமலர்ச்சிக்குள்ள பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும் கட்டணம் அறவிடும் ஆங்கிலப் பாடசாலை, கட்டணமற்ற சுயமொழிப் பாடசாலை என்ற இருமை அதனால் நீங்கவில்லை. முன்னது கடற்படைத் தளத்துக்கும் கச்சேரிக்கும் எழுதுவினைஞரை அளித்தது. பின்னது கூலியாளையும் மீனவனையும் கமக்காரனையும் தன் பெற்றோரின் தொழிலிலேயே விட்டது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து ஒன்றைச் சிறந்தது என்பது வர்க்க வேறுபாட்டைத் திறமை வேறுபாடாக மொழிபெயர்ப்பதாகும்.

இரண்டாம் உலகப்போர் இவ்வமைப்பைக் கலக்கியது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருகோணமலை பிரித்தானியக் கடற்படைக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது நகரமக்கள் பலர் ஊரை விட்டகன்றனர். ஆனால் தளம் தொழிலாளரை ஈர்த்துக்கொண்டேயிருந்தது. 1921இல் ஏறத்தாழ 34,000ஆக இருந்த மாவட்டக் குடித்தொகை 1946இல் ஏறத்தாழ 76,000ஆயிற்று. ஒரே தலைமுறையில் வகுப்பறையின் முகம் மாறிவிட்டது.

1945இன் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. தூரத்தையும் பசியையும் நீக்கவில்லை. 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல குடும்பங்களின் பிழைப்பு அறுந்தது. சமகாலத்திற் கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தமிழரும் சிங்களவரும் தலைக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். முஸ்லிம்கள் அதற்குச் சற்றுக் குறைவு. குடியேற்றம் தமிழரின் அரசியல் வலுவைக் குறைக்கும் கருவியாகப் பயன்பட்டமை மறுக்கவியலாதது. ஆயினும் கந்தளாயிற் குடியேறிய வறிய சிங்கள விவசாயியின் பிள்ளையும், கிண்ணியாவின் முஸ்லிம் விறகுவெட்டியின் பிள்ளையும், திருக்கடலூர் மீனவனின் பிள்ளையும் பெறுபேற்றுப் பட்டியலின் அடிப்பகுதியிற் சந்தித்துக்கொள்வதை நம் தேசியவாதிகள் எவரும் காண விரும்பவில்லை. மொழியாலும் மதத்தாலும் பிரிந்த மூவகைப் பாடசாலைகளில் அவர்கள் படித்தமையால், தாமும் ஒருவரையொருவர் கண்டிலர்.

பல்கலைக்கழக அனுமதி விவாதத்திலும் இக்குருடு தொடர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் அப்பட்டமான பாரபட்சம். ஆனால் 1974இன் மாவட்ட ஒதுக்கீடு திருகோணமலையின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலருக்குக் கதவைத் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்ட நம் ஆய்வாளர் போதியளவு ஆராய்ந்திலர். (யாழ்ப்பாணத்தானாகிய எனக்கும் இது பொருந்தும்.)

ஆரம்பக் கல்வியில் இன்றைய அளவுகோல் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையாகும். வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் அளிப்பது அதன் நோக்கமெனப்படுகின்றது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வேறுபடுவதே, புள்ளிக்கு ஊரும் மொழியும் உண்டு என்பதற்கு அரசு அளிக்கும் ஒப்புதலாகும். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள், நகரிற் தனியார் வகுப்புக்குச் செல்லும் உத்தியோகத்தர் பிள்ளைக்கும், 2006இற் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் ஆண்டுகளைக் கழித்த குடும்பத்தின் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. சம்பூரின் நிலங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே மீள அளிக்கப்பட்டன. இடம்பெயரும்போது பிறந்த குழந்தை, தரம் 5இல் எழுதவேண்டிய வயதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆதலாற் பெறுபேற்றை ஆராய்வோர் முதலில் திறக்கவேண்டியது பரீட்சைத் தாளை அன்று. சேர்வு இடாப்பையும் வரவு இடாப்பையுமே. பெற்றோரின் தொழில், முகவரி, விலகிய நாள், நீண்ட வரவின்மைகள் ஆகியவற்றைத் துறைமுகத்தின் ஏற்றவிறக்கத்தோடும் பருவக்காற்றோடும் இடப்பெயர்வோடும் அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும். இதனைச் செய்வதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கறையான் முந்தாதிருந்தாற் போதும்.

தூரம் என்பதும் உவமையன்று. நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் 2009இல் பாலம் திறக்கப்படும்வரை, மாணவரும் ஆசிரியரும் பாதையிலேறி நீரைக் கடந்தனர். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் அவ்வழக்கம் அதன்பின்னும் முடியவில்லை. அங்கு பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கையில், 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, மக்களை ஏற்றிச்சென்ற இழுவைப்படகு கவிழ்ந்தது. ஆறு பேரேனும் இறந்தனர். அவர்களிற் சிறுவர் பலர், பாடசாலைக்குப் புறப்பட்டவர்கள்.