கிழக்கேகோட்டை வளர்த்த மாணவர்

இசையை ஒரு வகுப்பிலும் இலக்கியத்தை மற்றொரு வகுப்பிலும் நம் பிள்ளைகள் கற்கின்றனர். திரைப்படத்தையோ எந்த வகுப்பிலும் சேர்க்காமல் வாயிற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கின்றோம். பாட்டு வாத்தியார் சொல்லித்தரும் கீர்த்தனை உயர்ந்தது, திரைப்பாட்டு தாழ்ந்தது என்பது பெரியோர் பலருடைய எண்ணம். திரைப்பாட்டே போதும், மற்றவை பழஞ்சரக்கு என்பது இளையோர் சிலருடைய எண்ணம். இவ்விரு கட்சிகளுக்கும் இடையே நம் தமிழ் மெல்ல நழுவிப் போகின்றது. இவ்வழக்கைத் தீர்த்துவைக்க நாம் சங்கீத வித்துவானும் அல்லோம், தமிழ்ப் பண்டிதரும் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழித்து வருகின்றோம். ஆயினும் நாம் குடியிருக்கும் இவ்வூரின் சரித்திரமே இதற்கு ஒரு நல்ல தீர்ப்பை எழுதி வைத்திருக்கின்றது. அதனைச் சங்கத்து அன்பர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நம் கிழக்கேகோட்டையைப் பார்ப்போம். ஸ்ரீ பத்மநாபசுவாமி திருக்கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் இருக்கின்றது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பவனியாக இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து, இரு மாநிலங்களுக்கும் இடையே எல்லைக்கோடு விழுந்தது. பவனியோ அக்கோட்டைக் கடந்து இன்றும் வந்துகொண்டிருக்கின்றது. மண்டபத்தில் வீற்றிருக்கும் சரசுவதி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் ஐதிகம். அத்தேவியின் முன்னிலையில் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கொன்றாக முறை வகுத்துப் பாடப்படுகின்றன. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கலியாணி, நான்காம் நாள் தோடி என இராகங்களும் வரையறுக்கப்பட்டவை. அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. கம்பருடைய தெய்வத்தின் முன்னே இசை நிகழும் இடம் அது. இலக்கியத்தையும் இசையையும் நம் முன்னோர் தனித்தனி அறைகளில் பூட்டவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழும் இவ்வூருக்கு விருந்தாளி அன்று. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாளின் சபையை அணிசெய்தார். இவ்வூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் இருந்த சுந்தரம் பிள்ளை, 1891இல் மனோன்மணீயம் என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கமே 1970 முதல் தமிழ்நாட்டு அரசு விழாக்களில் வாழ்த்தாக ஒலிக்கின்றது. அந்நாடகக் கதை 1942இல் மனோன்மணி என்ற பெயரில் திரைப்படமும் ஆயிற்று. நீலகண்ட சிவன் (1839–1900) பாடிய தமிழ்ப் பக்திப் பாடல்கள் இந்நகரத்துப் பஜனைகளில் முழங்கின.

இத்தகைய ஊருக்கு 1899இல், தந்தையை இழந்த ஒரு சிறுவன் தாயுடனும் தமையனுடனும் வந்து சேர்ந்தான். தஞ்சைச் சீமைப் போலகம் என்னும் சிற்றூரில் 1890இல் பிறந்த அவன் பெயர் இராமையா. அந்நாளில் திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. இருப்புப்பாதை கொல்லத்திலிருந்து சாக்கைக்கு வந்தது 1918இல். தம்பானூரை எட்டியது 1931இல். பிழைக்க வழிதேடி வந்த அக்குடும்பமும், இன்று மாற்றல் உத்தரவோடு வந்திறங்கும் நம் குடும்பங்களும் ஒரே நிலையினவே. பிறந்த மண்ணை விட்டு வந்த பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வி அந்தத் தாய்க்கும் எழுந்திருக்கும்.

இராமையா மலையாளம் கற்றார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து வியாகரணம் பயின்று பட்டம் பெற்றார். நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் இசையின் தொடக்கப் பாடங்களைக் கேட்டார். நீலகண்ட சிவனின் பாடல்கள் அவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றின. இலக்கணம் கல்லூரியிலும், இராகம் குருமாரிடத்திலும், தமிழ்ப் பக்தி பஜனையிலுமாக மூன்று இடங்களில் மூன்று பாடங்கள் கிடைத்தன. மாணவர் ஒருவரே ஆதலின் மூன்றும் அவருக்குள் ஒன்றாயின. 1910இல் அன்னை மறைந்த பின் கோயில் கோயிலாகப் பாடிச் சென்ற அவர், பின்னர்த் தஞ்சைச் சீமைக்குத் திரும்பி, கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரிடம் இசையை மேலும் கற்றார். அவரையே தமிழுலகம் பாபநாசம் சிவன் என்றும் தமிழ்த் தியாகையர் என்றும் கொண்டாடியது.

நிற்க. இப்பெரியார் திரைப்படத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தினாரா? இல்லை. 1934இல் வெளிவந்த சீதா கல்யாணம் படத்துக்கு இசையமைத்து அத்துறையில் புகுந்தார். 1937இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த அம்பிகாபதிக்குப் பாடல்கள் எழுதினார். அம்பிகாபதி யார்? கம்பருடைய மகன் எனக் கதை சொல்லும் கவிஞன். கம்பரின் சரசுவதி கொலுவிருக்கும் ஊரில் பயின்ற மாணவர், கம்பர் மகனின் கதைக்குப் பாட்டெழுதினார்!

1939இல் வந்த தியாகபூமி இன்னும் ஒருபடி மேற்சென்றது. கல்கி எழுதிய அக்கதை, திரைப்படக் காட்சிகளின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வெளியாயிற்று. படத்தில் சம்பு சாஸ்திரியாக நடித்தவரும், பாடல்களை இயற்றியவரும் சிவனே. புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு அடைக்கலம் தந்து, அதனால் அக்கிரகாரத்தாரால் ஒதுக்கி வைக்கப்படும் பஜனைப் பாகவதர் அப்பாத்திரம். தேசிய உணர்ச்சி ததும்பிய அப்படத்தை ஆங்கில அரசாங்கம் தடை செய்தது. நாவலும் இசையும் திரையும் ஒன்றுகூடியபோது எத்துணை வலிமை பிறக்கும் என்பதை அத்தடையே பறைசாற்றுகின்றது.

ஒரு பாட்டை மாணவர் எங்ஙனம் ஆராயலாம் என்பதற்கும் சிவனிடமே எடுத்துக்காட்டு உண்டு. 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ஹரிதாஸ் படத்தில், மன்மதனின் லீலையைக் கூறும் புகழ்பெற்ற பாட்டை அவர் எழுதினார். படத்துக்கு இசை ஜி. இராமநாதன். அதன் இராகம் சாருகேசி, மேளகர்த்தாக்களில் 26ஆவது. சாருகேசியின் முற்பாதி ஸ்வரங்கள் சங்கராபரணத்தினுடையவை. பிற்பாதி ஸ்வரங்கள் தோடியினுடையவை. நவராத்திரி மண்டபத்தில் முதல் நாளும் நான்காம் நாளும் காது கொடுத்த சிறுமி, இப்பாட்டைக் கேட்டதும், மலர்ச்சியும் ஏக்கமும் ஒரே அடியில் அருகருகே நிற்பதை உணர்ந்துவிடுவாள். சிற்றின்பத்தில் திளைக்கும் கதாநாயகன், பின்னால் அதற்காக வருந்தப் போகின்றவன் என்ற கதைக் குறிப்பையும் அதனோடு சேர்த்துப் பார்த்தால், அவ்விராகம் எத்துணைப் பொருத்தமானது என்பதும் விளங்கும். இதற்குச் செவியும் வேண்டும், சொல்லறிவும் வேண்டும், கதையறிவும் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நாம் பெருமையோடு பேசும் கோயில் வாயில்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12ஆம் நாளில்தான். நவராத்திரி மண்டபத்தில் பெண் ஒருவர் பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவாதித் திருநாள் சங்கீதக் கலாசாலையின் முதல் மாணவியாகிய பாறசாலை பொன்னம்மாள், எண்பது வயதைக் கடந்த பின்னரே அங்கே அமர்ந்து பாடினார். மண்டபத்துக்குள் வர இயலாதவர்களுக்கு இராகத்தைக் கொண்டு சென்றவை திரைப்படமும் இசைத்தட்டும் வானொலியுமே. தரை டிக்கெட்டு வாங்கியவரும் சாருகேசியைக் கேட்டார். திரைப்பாட்டு தாழ்ந்தது என்று தள்ளுவோர் இந்த நன்றியை மறக்கலாகாது. அதேபோல், அந்தத் திரைப்பாட்டு எங்கிருந்து ஊறியது என்று அறியாதவர் அதன் சுவையில் பாதியைத்தான் பெறுகின்றனர்.

இனி நாம் செய்யக்கூடியது யாது? நம் பிள்ளைகளில் பலர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். ஒலி கிட்டுகின்றது, சொல் கிட்டவில்லை. சொல் எங்கே முடிகின்றது என்று தெரியாமையால் மூச்சை நடுச்சொல்லில் விடுகின்றனர்; பாட்டின் பொருள் அங்கே முறிகின்றது. ஆகவே சங்கத்தில் வாரம் ஒருநாள் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். கீர்த்தனையாயினும் ஆகுக, திரைப்பாட்டாயினும் ஆகுக. அதனைத் தமிழ் எழுத்தில் எழுதச் செய்து மூன்று கேள்விகள் கேட்போம்: இச்சொற்களின் பொருள் என்ன? இவ்விராகம் ஏன் இங்கே வந்தது? பாடுபவர் யார், எந்நிலையில் பாடுகின்றார்? இதற்குப் பணம் வேண்டியதில்லை. சங்கத்துப் பெஞ்சும், பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும் போதும்.

பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் கற்ற ஊரில் நாம் வாழ்கின்றோம். அவர் கேட்ட இராகங்கள் இன்றும் இங்கே ஆண்டுதோறும் ஒலிக்கின்றன. பிழைப்புக்காக வந்த ஊர் கல்விக்கும் உரிய ஊராகலாம் என்பதே அவர் வாழ்வு நமக்குச் சொல்வது. அக்கல்வியை நம் மக்களுக்கும் தருவோமாக!