வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே: பங்கில் குடும்ப மறைக்கல்வி

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி என்றதும் நினைவுக்கு வருவது, ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பிள்ளைகள் வகுப்புவாரியாகப் பிரிந்து அமரும் காட்சி. பாடநூல், வருகைப் பதிவேடு, ஆண்டுத் தேர்வு, பரிசளிப்பு என்று பள்ளிக்கூடத்தின் உறுப்புகள் எல்லாம் அங்கே உண்டு. புதுநன்மை வாங்கியதும் சிலர் நின்றுவிடுகிறார்கள். உறுதிபூசுதல் பெற்றதும் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். பெற்றோருக்கு இதில் உள்ள வேலை பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும்தான். இந்த ஏற்பாட்டில் உழைக்கும் ஆசிரியர்களும் அருள்சகோதரிகளும் ஊதியம் எதிர்பாராதவர்கள். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை, கற்பவர் யார் என்பதைப் பங்கு தீர்மானித்திருக்கும் முறையில் இருக்கிறது. தனிப்பிள்ளையை விட்டுவிட்டு, ஒன்றுகூடி அமரும் குடும்பங்களைக் கற்பவராகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘வீட்டில் சொல்லிக்கொடுங்கள்’ என்று பெற்றோரிடம் பொறுப்பைத் தள்ளிவிடுவது இதற்கு ஈடாகாது.

பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துக் கற்பிப்பது நம் மண்ணின் தொன்மையான வழக்கம் என்று எண்ணுவோர் புனித சவேரியாரின் கடிதங்களைப் புரட்டிப் பார்க்கலாம். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் தம் முறையை விவரிக்கிறார். இருமொழி அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கிக்கொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்றதைப் பிள்ளைகள் தாய் தந்தைக்கும் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஞாயிறன்று ஊரே கூடி ஒருமித்த குரலில் அவற்றைச் சொன்னது. பாடம் பிள்ளையோடு முடியவில்லை. அது வீட்டுக்குப் போய், மீண்டும் ஊருக்கு வந்தது. எனினும் இந்த முன்மாதிரியை அப்படியே போற்றிவிட முடியாது. சிலை வணங்கும் பெற்றோரைப் பிள்ளைகளே கண்டித்ததையும் தம்மிடம் வந்து சொன்னதையும் அதே கடிதத்தில் அவர் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். குடும்பத்தை எட்டுவதற்குப் பிள்ளையைக் கருவியாக்கினால் அவன் விரைவில் கண்காணிப்பாளனாகிவிடுவான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிள்ளை வழியாகப் பெற்றோரை எட்டுவது ஒன்று. பெற்றோரையே கற்பவராக மதித்து அழைப்பது வேறொன்று. முதலாவதைத்தான் நாம் நானூற்றெண்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம், அதுவும் சவேரியாரின் மணியோசை இல்லாமல்.

வகுப்பறையும் வீடும் நேருக்கு நேர் மோதிய வரலாறு ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் தண்டம். திருமுழுக்கும் திருமணமும் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டத்தின் கண்ணில் செல்லும். பால்டியஸ் என்ற ஒல்லாந்த மறைப்பணியாளர் ஊர்வாரியாகப் பள்ளி மாணவர் தொகையை எழுதிவைத்திருக்கிறார். ஏட்டளவில் பார்த்தால் அது மாபெரும் வெற்றி. மறுபுறத்தில் கத்தோலிக்கருக்குப் பள்ளியும் இல்லை, குருவும் இல்லை. 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் என்ற கத்தோலிக்கக் குரு மாறுவேடத்தில் வந்து, கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சையெடுத்தே தம் மக்களை அடையாளம் கண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவின்றிக் கிடந்த நம்பிக்கை சில்லாலை போன்ற ஊர்களில் வீட்டுக்குள் உயிரோடு இருந்தது. 1796இல் ஆங்கிலேயர் வந்து சட்டத்தின் பிடி தளர்ந்தபின், தோம்பில் இருந்த பெருங்கூட்டம் விரைவில் கரைந்தது. வீட்டில் இருந்த சிறுகூட்டம் நிலைத்தது. ஒடுக்குமுறையே மக்களை இறுக்கிப் பிடித்து வைத்தது, மறைக்கல்வி அல்ல என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒடுக்குமுறை ஒரு குழுவின் உறவுகளை இறுக்குமே தவிர, அதற்குச் செபங்களைக் கற்றுத்தராது. அவற்றை யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மேலும், அந்த வீடுகளைத் தனித்தனியாக விட்டுவிடாமல் அண்ணாவி, மூப்பர் என்ற பொதுநிலைத் தலைவர்களைக் கொண்டு வாஸ் அடிகள் ஒன்றோடொன்று கோத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கோப்பு இல்லாதிருந்தால் அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்பது ஐயமே.

இன்றைய ஞாயிறு வகுப்பின் நேரடி வேர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருக்கிறது. 1905இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், ஞாயிறும் பெருவிழாவும் தவறாமல் சிறுவர் சிறுமியருக்கு ஒரு மணி நேரம் மறைக்கல்வி தர வேண்டும் என்று பங்குக்குருக்களைப் பணித்தது. பலரும் மறந்துபோனது அதன் மறுபாதி: மறையுரைக்கு மேலதிகமாக, வயதுவந்தோருக்கும் திரிதெந்து சங்க மறைக்கல்வி நூலை நான்கைந்து ஆண்டுகளில் முழுமையாக விளக்க வேண்டும் என்றும் அதே மடல் கட்டளையிட்டது. பிள்ளைகளுக்கான பாதி நிறுவனமாயிற்று; பெரியவர்களுக்கான பாதி ஏட்டோடு நின்றது. 1910இல் அதே திருத்தந்தையின் காலத்தில் வந்த ஆணை புதுநன்மை வயதை ஏழுக்கு அருகே கொண்டுவந்ததை எல்லோரும் அறிவர். பிள்ளையைப் புதுநன்மைக்கு அனுமதிப்பது தந்தைக்கும் ஒப்புரவுக் குருவுக்கும் உரியது என்று அதே ஆணை சொல்வது அவ்வளவாக அறியப்படவில்லை. அந்த உரிமை நடைமுறையில் வருகைப் பதிவேட்டிடம் போய்ச் சேர்ந்தது. ஏழு வயதில் அருளடையாளம் பெறும் பிள்ளைக்குத் துணைநிற்க வேண்டிய பெரியவர், தாம் பன்னிரண்டு வயதில் நிறுத்திய அறிவோடு நிற்கிறார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய ஆவணங்களைப் பட்டியலிடுவது இங்கே தேவையில்லை. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964ஆம் ஆண்டின் திருச்சபைக் கொள்கைத் திரட்டு அழைத்தது. வயதுவந்தோருக்கான மறைக்கல்வியே தலையாய வடிவம் என்று 1971ஆம் ஆண்டின் பொது வழிகாட்டி வரையறுத்தது. குடும்ப மறைக்கல்வி மற்ற எல்லா வடிவங்களுக்கும் முந்தியது, அவற்றை வளப்படுத்துவது என்று 1979இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். கொள்கையில் பஞ்சமில்லை. பங்கின் வாராந்தர அட்டவணையில் பெற்றோர் கற்பவராக அமரும் நேரம் மட்டும் இல்லை.

முதல் ஆட்சேபம் மறைக்கல்வி ஆசிரியர்களிடமிருந்தே வரும்: எட்டு வயதுப் பிள்ளையையும் எழுபது வயதுப் பாட்டியையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தால் பாடம் நீர்த்துப்போகாதா? எல்லோருக்கும் ஒரே உரை என்றால் நீர்த்துத்தான் போகும். பெரியவர்களுக்கு அது சிறுபிள்ளைத்தனமாகவும் சிறுவர்களுக்குக் கொட்டாவியாகவும் முடியும். மாதம் ஒருமுறை ஒரே பொருளை, எடுத்துக்காட்டாக ஒப்புரவு அருளடையாளத்தை, எடுத்துக்கொண்டு, ஒன்றாகச் செபித்து, பின் வயதுக்கேற்பப் பிரிந்து, மீண்டும் குடும்பமாக அமர்ந்து பேசும் அமைப்பில் அந்த இடர் குறையும். ஏனைய வாரங்களில் பிள்ளைகளின் வகுப்பு இருக்கட்டும். இப்படிப் பிரிந்த அரைமணி நேரத்தில் பெற்றோர் எழுப்பும் கேள்விகளுக்கு எந்தப் பிள்ளைப் பாடநூலிலும் விடை இருக்காது: பங்காளியோடு சொத்து வழக்கு நடத்திக்கொண்டு ஒப்புரவுக்குப் போவது எப்படி? நன்மை வாங்காமல் ஆண்டுக்கணக்காக ஒதுங்கி நிற்கும் அண்ணனிடம் என்ன சொல்வது? பிள்ளை கண்ணால் பார்த்து வளர்வது இவற்றுக்கு வீட்டில் கிடைக்கும் விடையைத்தான். செபமாலையின் மறைநிகழ்ச்சிகளையும் சிலுவைப்பாதையின் நிலைகளையும் ஏடு பாராமல் சொல்லும் பாட்டியின் அறிவுக்கும் இங்கேதான் ஒரு மதிப்பு வாய்க்கிறது. வகுப்பறையில் அவருக்கு இருக்கையே கிடையாது.

குடும்பம் என்ற சொல்லுக்குள் அடங்காத குடும்பங்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தந்தை வளைகுடாவில் இருக்கிறார், தாய் ஞாயிறும் வேலைக்குப் போகிறார், துணைவர் வேற்றுமதத்தவர், பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கமுள்ள கடற்கரைப் பங்குக்குச் செல்லுபடியாகும் நேரம், அதே நாளில் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நடக்கும் நகரப் பங்குக்குச் செல்லாது. நேரத்தை அந்தந்தப் பங்குப்பேரவை முடிவு செய்யலாம். அமைப்பைப் பொறுத்தவரை, தாய் தந்தை பிள்ளைகள் என்ற முழுப்படத்தை நுழைவுச்சீட்டாகக் கேட்கக் கூடாது. பிள்ளையை வளர்ப்பவர் யாரோ அவரே வரட்டும்: சித்தியோ, தாத்தாவோ, ஞானப்பெற்றோரோ. ஞானப்பெற்றோர் என்பது திருமுழுக்கு நாளின் புகைப்படத்தோடு முடிந்துபோன பொறுப்பாகிவிட்டது. அதற்கு மீண்டும் வேலை கொடுக்க இது நல்ல வழி. வேற்றுமதத் துணைவர் வர விரும்பினால் வரவேற்க வேண்டும், வராவிட்டால் காரணம் கேட்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறு. குடும்பம் நம்பிக்கையை மட்டும் கையளிப்பதில்லை. சாதியையும் கையளிக்கிறது, அதுவும் இன்னும் சிறப்பாக. வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரிக்க ஆலயத்துக்குள்ளேயே சுவர் எழுப்பப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது பிணக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் ஆவணப்பட்ட வரலாறு. அந்தச் சுவருக்காக வழக்காடியவர்கள் செபமாலை சொல்லாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆகவே குடும்பத்தை மறைக்கல்வியின் மையமாக்குவது பழைய நஞ்சுக்குப் புதிய பாத்திரம் தருவதாகாதா? வீட்டோடு நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். ‘வீட்டில் சொல்லிக்கொடுங்கள்’ என்ற அறிவுரை போதாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுவே. அன்பியங்கள் இருக்கும்போது புதிய அமைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளை இணைக்கும் அன்பியம் அருமையான ஏற்பாடு. ஆனால் தெரு சாதியால் அமைந்த ஊரில், தெருவால் அமைந்த அன்பியமும் சாதியின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட நேர்கிறது. பல தெருக்களின் குடும்பங்களைக் கலந்து ஒரே மேசையில் அமர்த்தி, ஒரே விவிலியப் பகுதியைப் பேசவைக்கப் பங்கால் மட்டுமே முடியும். ஒரு தெருப் பிள்ளைக்கு மறுதெருத் தாய் செபம் சொல்லித்தருவதை இரு வீட்டாரும் பார்த்திருக்கும் அந்த நேரம், சமத்துவம் பற்றிய ஒரு பாடத்தைவிட அதிகம் கற்பிக்கும். சிலர் வரமறுப்பார்கள்; நோய் எங்கே இருக்கிறது என்பதைப் பங்குத்தந்தை அப்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

இதையெல்லாம் நடத்துவது யார்? பல கிளைப்பங்குகளைச் சுமந்துகொண்டு சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகும் பங்குத்தந்தை இதற்குத் தொடக்கம் தரலாம், தொடர்ச்சி தர முடியாது. தொடர்ச்சியை ஒருகாலத்தில் உபதேசியார் தந்தார்: ஊரிலேயே குடியிருந்து, குழந்தை பிறப்பு முதல் அடக்கம் வரை ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். அந்தப் பணி பல பங்குகளில் மங்கி, இருக்கும் இடங்களிலும் ஆலய அலுவல்களோடு சுருங்கிவிட்டது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியை முறைப்படி நிறுவப்பட்ட திருப்பணியாக அறிவித்தது மறைமாவட்டங்களுக்கு ஒரு வாய்ப்பு. அதை நெடுநாள் ஞாயிறு வகுப்பெடுத்த ஆசிரியருக்குத் தரும் பாராட்டுப் பத்திரமாக ஆயர்கள் கருதிவிடும் அபாயம் உண்டு. தேர்ந்தெடுப்பவரை அவரவர் தெருவிலிருந்து மட்டும் எடுக்காமல், இயன்ற இடங்களில் கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே பயிற்றுவித்து, இன்னொரு தெருவின் குடும்பங்களுக்குப் பொறுப்பாளராக அனுப்பினால் அந்தத் திருப்பணிக்கு இங்கே உண்மையான வேலை இருக்கும்.