கப்பல் வைத்தியருக்குக் கூலி கொடுத்தது யார்?

பிரான்சின் மேற்குக் கரையை ஒட்டி ஒலெரோன் என்றொரு தீவு இருக்கிறது. இடைக்காலத்தில் அந்தப் பக்கத்து ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பல்களுக்காக உருவான சட்டத் தொகுப்புக்கு அந்தத் தீவின் பெயரே நிலைத்துவிட்டது. நோயில் விழுந்த மாலுமியைப் பற்றி அதில் ஒரு விதி உண்டு. அவனைக் கரையில் இறக்கி, தங்க ஒரு வீடு பிடித்துக் கொடுக்க வேண்டும். இரவுக்கு மெழுகுவர்த்தி வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளக் கப்பல் பையன் ஒருவனை விட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். குடித்துவிட்டுச் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவன் பாடு அவனோடு.

எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் அந்த மெழுகுவர்த்தி அணையவில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, கப்பலில் வேலை செய்பவருக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவு முதலாளியுடையது. நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருந்தே தீர வேண்டும். ஆனால் அதே டாக்டர் அதே மேஜையில் ஒரு பயணியின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் நூறு டாலருக்கு மேல் பில் வருவது சாதாரணம். இரண்டு நாள் படுக்க வைத்து, ரத்தப் பரிசோதனை செய்து, மூச்சுக் கருவியும் மாட்டினால் கணக்கு பல ஆயிரங்களுக்கு ஏறிவிடும். கேபின் கதவைத் திறக்கும் அட்டையேதான் கணக்கு அட்டையும். அதைத் தேய்த்ததும் கட்டணம் ஐஸ்கிரீமுக்கும் ஒயினுக்கும் அடுத்த வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நடுக்கடலில் எல்லாமே விலை அதிகம் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள, கப்பல் வைத்தியருக்கு இதுவரை யார் யார் கூலி கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கடற்படையில் ஒவ்வொரு மாலுமியின் மாதச் சம்பளத்திலிருந்தும் வைத்தியருக்கென்று இரண்டு பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். பால்வினை நோய்க்குத் தனி விலை: சிகிச்சை பெற்றவன் சம்பளத்தில் பதினைந்து ஷில்லிங் கழிந்து வைத்தியர் கைக்குப் போகும். விளைவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோயை மறைத்தார்கள், முற்றவிட்டார்கள், கள்ள மருந்து தேடினார்கள். அந்த அபராதம் 1795இல்தான் ஒழிந்தது. ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு கொடுப்பதைக் கடற்படை ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747இலேயே பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சோதித்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்களே ஸ்கர்வியிலிருந்து தேறினார்கள் என்று கண்டிருந்தார். அந்தச் செய்தி கப்பலின் சமையல்கட்டுக்கு வந்துசேர 48 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவிலும் 1798இல், மாலுமிகளின் மாதச் சம்பளத்தில் இருபது சென்ட் பிடித்து அவர்களுக்கான மருத்துவமனைகளை நடத்த ஒரு சட்டம் வந்தது. அதிபர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட அந்தத் திட்டம்தான் பின்னாளில் அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையாக வளர்ந்தது.

இதெல்லாம் கப்பலில் வேலை செய்தவர்களின் கதை. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் கதை வேறு.

அடிமைக் கப்பல்களில் வைத்தியர் கட்டாயம் என்று பிரிட்டன் 1788இல் சட்டம் போட்டது. வில்லியம் டால்பன் கொண்டுவந்த அந்தச் சட்டத்தில் ஒரு பரிசுத் திட்டமும் இருந்தது. வழியில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாவிட்டால் கேப்டனுக்கு 100 பவுன், வைத்தியருக்கு 50 பவுன். மூன்றைத் தாண்டாவிட்டால் அதில் பாதி. கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிப்போன கப்பல்களுக்கு இந்தக் கணக்கு புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. 1790இல் சிட்னி போய்ச் சேர்ந்த ‘இரண்டாம் கப்பல் அணி’யின் ஒப்பந்தக்காரர்களுக்கு ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று பணம் பேசியிருந்தார்கள்; எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்கவில்லை. ஏறத்தாழ நாலில் ஒருவர் கடலிலேயே செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உயிரோடு இறங்கும் தலைக்குத் தொகை என்ற யோசனை வந்தது. கப்பல் வைத்தியருக்கும் கேப்டனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரம் மெல்ல மெல்லக் கிடைத்தது.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். 1860 அக்டோபரில் மதராசிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் 342 பேரை இறக்கியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். இப்படிப்பட்ட கப்பல்களில் வைத்தியர்தான் மேற்பார்வையாளர். குடிநீர், அரிசி, மேல்தளத்தில் காற்று வாங்க விடும் நேரம் என எல்லாம் அவர் கண்காணிப்பில். அவருடைய ஊதியமும் அதே தலைக்கணக்குத்தான்: உயிரோடு கரையேறும் ஒவ்வொரு கூலிக்கும் இத்தனை ஷில்லிங். வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்குக் கஞ்சி கேட்ட தாயிடம் யாரும் பில் நீட்டவில்லை. அந்தக் குழந்தை வைத்தியரின் வருமானம். இந்த ஏற்பாட்டில் மனிதாபிமானம் எவ்வளவு இருந்தது என்று அளக்க முடியாது. பல உயிர்கள் பிழைத்தது மட்டும் நிஜம்.

வைத்தியர் வேலைக்கு வேறு விதமாகவும் கூலி இருந்தது. எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆர்தர் கோனன் டாயில் 1880இல் ‘ஹோப்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் வைத்தியராகப் போனார். மாதச் சம்பளம் போக, சேர்ந்த எண்ணெயில் டன்னுக்கு மூன்று ஷில்லிங் அவர் பங்கு. பனிப்பாளத்தில் வழுக்கி அடிக்கடி கடலில் விழுந்ததால் கேப்டன் அவருக்கு முக்குளிப்பான் பறவையின் பெயரைப் பட்டமாக வைத்தார். வைத்தியம் பார்த்ததைவிட சீல் வேட்டையாடியதே அதிகம்.

1891ஆம் ஆண்டு இந்தக் கதையின் முச்சந்தி. அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஜனவரியில் ஜெர்மனியின் கூக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து ‘அகுஸ்டா விக்டோரியா’ என்ற கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பயணத்துக்கு ஆள் கிடைக்காததால் சும்மா நின்ற கப்பலுக்குக் கம்பெனி நிர்வாகி ஆல்பர்ட் பாலின் கண்டுபிடித்த வேலை அது. எங்கும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாத, ஊர் சுற்றிப் பார்க்க மட்டுமே ஏறிய 241 பேர் அதில் இருந்தார்கள். இன்றைய சொகுசுக் கப்பல் தொழிலின் தொடக்கம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மார்ச்சில் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. தொற்றுநோய் உள்ளவரை ஏற்றிக்கொண்டு வந்தால், அவரைத் திருப்பி அழைத்துப்போகும் செலவு கப்பல் கம்பெனியின் தலையில். 1903இல் ஆளுக்கு நூறு டாலர் அபராதமும் சேர்ந்துகொண்டது. அதன்பின் ஐரோப்பியத் துறைமுகங்களில் கம்பெனி டாக்டர்கள் ஏழைகளின் இமையைப் புரட்டிப் புரட்டி ட்ரக்கோமா என்ற தொற்றுக் கண்நோயைத் தேடினார்கள். நோயாளியின் கண்ணைக் காப்பாற்றுவதற்காக அல்ல.

மூன்றாவது, மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் ‘ஓ’பிரையன் எதிர் குனார்ட்’ வழக்கின் தீர்ப்பு. கப்பல் பாஸ்டனை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தட்டுப் பெண்களை வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். வைத்தியர் ஒவ்வொரு கையாகப் பார்க்கிறார். அம்மை குத்திய தழும்பு இருந்தால் ஒரு சீட்டு. இல்லாவிட்டால் ஊசி, பிறகு சீட்டு. சீட்டு இல்லாதவர் துறைமுகத் தடுப்பு முகாமில் அடைபட வேண்டும். ஓர் இளம்பெண்ணின் முறை வருகிறது. ‘தழும்பு இல்லையே’ என்கிறார் வைத்தியர். ‘குத்தியாயிற்று, தழும்பு விழவில்லை’ என்கிறாள் அவள். திரும்பவும் குத்த வேண்டும் என்கிறார். அவள் கையை நீட்டுகிறாள். ஊசி போட்ட இடம் புண்ணாகிப் பெரும் அவதிப்பட்டதாக அவள் பின்னால் வழக்குப் போட்டாள். கையை நீட்டியதே சம்மதம் என்றது நீதிமன்றம். சட்ட மாணவர்கள் இன்றும் அதற்காகத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

ஆனால் அதில் இன்னொரு பகுதி உண்டு. பயணிகளுக்குத் தகுதியான வைத்தியரை அமர்த்துவதோடு கம்பெனியின் கடமை முடிந்தது. அவர் எப்படி வைத்தியம் பார்த்தார் என்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்டது கம்பெனியின் கப்பலில், கம்பெனி அமர்த்திய ஆள், கம்பெனியின் பயணிகள் சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்காக. பொறுப்பு மட்டும் அவருடையது.

இந்த விதியின் நூல் அறுந்துபோகாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. நடுவில் கடல் மாறியது. 1958இல் ஜெட் விமானம் நியூயார்க்கையும் பாரிஸையும் சில மணி நேரத்தில் இணைத்த பிறகு, ஊர்போய்ச் சேரக் கப்பலேறும் கூட்டம் கரைந்தது. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ‘ரஜூலா’கூட 1973இல் ஓய்ந்தது. குடியேறுபவர்களைக் காக்க எழுதிய பயணிகள் சட்டங்கள், காக்க ஆளில்லாமல் புத்தகத்தில் தங்கிப்போயின. 1960களின் நடுவில் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் புறப்பட்ட புதுக் கப்பல்களில் ஏறியவர் விடுமுறைக்கு வந்த வாடிக்கையாளர். அவரைக் குறித்து எந்த அரசும் தலைக்குத் தொகை பேசவில்லை. எந்தத் துறைமுகமும் அவரைத் திருப்பி அனுப்பி அபராதம் விதிக்கப்போவதில்லை. அவர் உடம்பு சரியில்லாமல் போவது கம்பெனிக்கு நஷ்டமல்ல. பில் பிறந்தது இந்த இடைவெளியில்தான் என்று சொல்வது மிகையாகாது.

கப்பல் பனாமாவிலோ பகாமாஸிலோ பதிவு. டாக்டர் வேறொரு நாட்டவர், பல கம்பெனிகளில் ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’. டிக்கெட்டின் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கும். சீருடையும் தோள்பட்டைக் கோடுகளும் கம்பெனியுடையவை. கட்டணம் கப்பல் கணக்கில் ஏறும். தவறு நேர்ந்தால் மட்டும் அவர் யாரோ. 1988இல் ‘பெர்முடா ஸ்டார்’ கப்பல் பயணி ஒருவரின் நீரிழிவை டாக்டர் கண்டுபிடிக்கத் தவறிய வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. கப்பல் கம்பெனி மருத்துவமனை நடத்தவில்லை என்பது வாதம். 1997இல் கரீபியன் பயணத்தில் பதினான்கு வயதுச் சிறுமிக்கு வயிற்றுவலி. ஃப்ளூ என்றார் டாக்டர். உண்மையில் அது குடல்வால் அழற்சி. ஊர் திரும்பியபோது வெடித்திருந்தது, அவள் தாயாகும் வாய்ப்பே போனது. கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. புளோரிடா உச்ச நீதிமன்றம் 2007இல், பழைய விதி மாற வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் தெரிந்தும், அதைத் தாண்ட மறுத்தது.

சுவரில் விரிசல் விழுந்தது 2014இல். 2011ஆம் ஆண்டு பெர்முடாவில் இறங்கிய ஒரு முதியவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். கப்பலின் செவிலியர் பார்த்து அறைக்கு அனுப்பிவிட்டார். டாக்டர் பார்ப்பதற்குள் மணிக்கணக்கில் கழிந்தது. கடன் அட்டை விவரம் வாங்கிய பிறகே டாக்டர் வந்தார் என்பதும் குடும்பத்தின் புகார்களில் ஒன்று. ஒரு வாரத்துக்குப் பின் முதியவர் இறந்தார். வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டான்லி மார்க்கஸ் எழுதிய தீர்ப்பு, பழைய விதி பாய்மரக் காலத்து மிச்சம் என்கிற தோரணையில் அதை ஒதுக்கியது. தீவிர சிகிச்சை அறையும் ஆய்வுக்கூடமும் வைத்து, பணமும் வாங்கி, சீருடையும் மாட்டிவிட்டு, அவர் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லும் உரிமை தானாகக் கிடைத்துவிடாது என்பது அதன் சாரம். பெரிய கப்பல் கம்பெனிகள் குடியிருக்கும் மயாமி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருப்பதால் தீர்ப்புக்கு எடை கூடியது.

பில் மட்டும் குறையவில்லை. கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: எக்ஸ்ரே, மூச்சுக் கருவி, மாரடைப்புக்கான மருந்து, இரவு பகலாக டாக்டர் என்று ஐந்தாறு கட்டிலுக்காக ஒரு சிறு ஆஸ்பத்திரியையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆனால் கரையில் நோயாளிக்குக் கைகொடுக்கும் காப்பீடு கடலில் கழன்றுகொள்கிறது. அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள் இருந்தால்தான் செல்லும். ஏழாவது மணி நேரத்தில் நெஞ்சுவலி வந்தால் சொந்தக் காசு. கப்பலில் ஏறுபவர்களில் அந்த வயதுக்காரர்களும் நிறையப் பேர்.

கட்டணமே இல்லாத ஒரு நோய் மட்டும் பல கப்பல்களில் உண்டு: வாந்திபேதி. கேபினிலிருந்து போன் செய்தால் போதும், ஆள் வந்து பார்ப்பார், மருந்து கொடுப்பார், பில் வராது. நோரோ வைரஸுக்குப் பயந்துதான் இந்தத் தாராளம். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு மூன்று பேருக்கு வயிறு கலங்கினால், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பலின் பெயரைப் போட்டே இணையதளத்தில் வெளியிடும். ஆகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவரிடம் அட்டை கேட்பதில்லை. நீச்சல்குளப் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிறார்கள்.