டைப்-சி கேபிள்னாலே வேகமா? கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இணைக்கும் முன் தெரிஞ்சிக்க வேண்டியவை

கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, கடைக் கணக்கு, கல்லூரி ப்ராஜெக்ட் என எல்லாவற்றையும் ஒரு சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால், புது டிஸ்க் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இரண்டு. ஒன்று, "பெட்டியில போட்டிருக்கிற வேகம் வரவே இல்லை". இன்னொன்று, "கேபிளை உருவினேன், அதுக்கப்புறம் எந்த ஃபைலும் திறக்கல".

இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் டிஸ்க் காரணமாக இருக்காது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்த விதம்தான் காரணம். அதிவேக யுஎஸ்பி இணைப்பை எப்படித் தேர்வு செய்வது, எப்படிப் பொருத்துவது, எப்படிப் பத்திரமாகக் கழற்றுவது? விரிவாகப் பார்க்கலாம்.

யுஎஸ்பியில் எத்தனை வகை? வேகம் எவ்வளவு?

- யுஎஸ்பி 2.0 (2000-ம் ஆண்டு): நொடிக்கு 480 மெகாபிட்
- யுஎஸ்பி 3.0 (2008): 5 ஜிகாபிட்
- யுஎஸ்பி 3.1 (2013): 10 ஜிகாபிட்
- யுஎஸ்பி 3.2 (2017): 20 ஜிகாபிட்
- யுஎஸ்பி 4 (2019): 40 ஜிகாபிட். 2022-ல் வந்த இதன் இரண்டாம் பதிப்பில் 80 ஜிகாபிட்

இவை அதிகபட்ச வேகம் மட்டுமே. குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. யுஎஸ்பி 3.0-க்குப் பின்னர் '3.1 ஜென் 1' என்று பெயர் மாற்றினார்கள். அதற்கும் அப்புறம் அதுவே '3.2 ஜென் 1' ஆனது. அதனால் பெட்டியில் '3.2' என்று போட்டிருந்தால் அது 20 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம், வெறும் 5 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம். வாங்கும்போது பதிப்பு எண்ணை விட்டுவிட்டு, '5, 10, 20, 40 ஜிபிபிஎஸ்' என்ற வேக எண்ணைப் பாருங்கள். அதுதான் ஏமாற்றாது.

50 ஜிபி வீடியோ எவ்வளவு நேரத்தில் காப்பி ஆகும்?

இணைப்பின் வேகத்தை 'பிட்' கணக்கிலும், ஃபைலின் அளவை 'பைட்' கணக்கிலும் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்படிப் பார்த்தால் யுஎஸ்பி 2.0-ன் 480 மெகாபிட் என்பது நொடிக்கு 60 எம்பிதான். நடைமுறையில் 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும்.

- யுஎஸ்பி 2.0-ல் நொடிக்கு 35 எம்பி வந்தால்: சுமார் 24 நிமிடம்
- யுஎஸ்பி 3.0-ல் சாதாரண ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 எம்பி வந்தால்: சுமார் 7 நிமிடம்
- யுஎஸ்பி 3.0-ல் எஸ்எஸ்டி, நொடிக்கு 400 எம்பி வந்தால்: சுமார் 2 நிமிடம்

இங்கே இன்னொரு விஷயமும் தெரிகிறது. உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு 5 ஜிகாபிட் இணைப்பே தாராளம். அதுக்குப் போய் 40 ஜிகாபிட் கேபிள் வாங்கினால் காசுதான் வீண்.

டைப்-சி என்றாலே அதிவேகமா?

இல்லை. டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. உள்ளே ஓடுவது பழைய 480 மெகாபிட்டாகவும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் 2023-ல் வந்த ஐபோன் 15. எல்லா மாடலிலும் டைப்-சி போர்ட் உண்டு. ஆனால் சாதாரண ஐபோன் 15-ல் வேகம் யுஎஸ்பி 2.0 அளவுதான். ப்ரோ மாடலில் 10 ஜிகாபிட் வரை போகும். அந்த ப்ரோ மாடலோடு பெட்டியில் வரும் கேபிளும் யுஎஸ்பி 2.0 வேகம்தான். முழு வேகம் வேண்டும் என்றால் கேபிளைத் தனியாக வாங்க வேண்டும்.

ஆக, கம்ப்யூட்டரின் போர்ட், கேபிள், டிஸ்க் ஆகிய மூன்றில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மொத்த இணைப்புக்கும் கிடைக்கும். மொபைல் சார்ஜருடன் வந்த கேபிளை எஸ்எஸ்டியில் மாட்டினால் வேகம் வராமல் போவது இதனால்தான். சார்ஜருடன் வரும் பல டைப்-சி கேபிள்களில் அதிவேக டேட்டாவுக்கான கம்பிகளே இருக்காது.

எந்த போர்ட் வேகமானது? எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய செவ்வக வடிவ போர்ட்டில், உள்ளே நீல நிறம் இருந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. ஆனா நிறம் கட்டாயம் இல்லை. கருப்பு நிறத்திலும் 3.0 போர்ட் வரும். பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற எழுத்தோ 5, 10 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். டைப்-சி போர்ட் பக்கத்தில் மின்னல் குறியும் 3 அல்லது 4 என்ற எண்ணும் இருந்தால் அது தண்டர்போல்ட். அது 40 ஜிகாபிட் வரை போகும்.

குறி எதுவும் இல்லையா? 2 ஜிபிக்கு மேல் இருக்கும் ஒரே ஃபைலை காப்பி போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்டியிலும் வேகம் 40 எம்பியைத் தாண்டாமல் நின்றால், இணைப்பு யுஎஸ்பி 2.0-ல் ஓடுகிறது என்று தெரிஞ்சிடும். அப்போது போர்ட்டை மாற்றுங்கள், அடுத்து கேபிளை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டைவிட, மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பின்பக்க போர்ட் நம்பகமானது.

செவ்வக போர்ட்டில் மாட்டும் விதத்திலும் வேகம் மாறும். யுஎஸ்பி 2.0-க்கு 4 பின்கள். யுஎஸ்பி 3.0-ல் அதற்கு உள்ளே கூடுதலாக 5 பின்கள். பிளக்கை ரொம்ப மெதுவாகத் தள்ளினால், முதல் 4 பின்கள் மட்டும் தொட்டதுமே கம்ப்யூட்டர் அதை 2.0 என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கழற்றிவிட்டு, ஒரே தள்ளாக முழுவதும் மாட்டினால் சரியாகிவிடும்.

பழைய டெஸ்க்டாப்பில் அதிவேக போர்ட் சேர்க்க முடியுமா?

முடியும். மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருந்தால் யுஎஸ்பி 3.0 கார்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளை சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை சில நொடிகள் அழுத்துங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.
2. கார்டைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் கார்டைப் பழுதாக்கிவிடலாம்.
3. கார்டின் ஓரத்தைப் பிடித்து, ஸ்லாட்டில் நேராக அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள்.
4. கார்டில் தனி பவர் சாக்கெட் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து வரும் ஒயரை மாட்டுங்கள். இதை விட்டுவிட்டால் டிஸ்க் பாதியில் துண்டிக்கப்படும்.

விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் உள்ளேயே உண்டு. விண்டோஸ் 7-ல் கார்டு நிறுவனம் தரும் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறதா?

டிஸ்க்குக்கு மின்சாரம் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் மின்சாரம் 2.5 வாட். யுஎஸ்பி 3.0 போர்ட் 4.5 வாட். ஒரே போர்ட்டில் சாதாரண ஹப் மாட்டி, அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு பென்டிரைவ் என்று செருகினால் எல்லாம் அந்த 4.5 வாட்டைப் பங்கு போட வேண்டும். எழுதும்போது மின்சாரம் விட்டு விட்டு வந்தால் ஃபைல் கெட்டுப்போகலாம். ஹப் தேவை என்றால் தனி அடாப்டர் உள்ளதை வாங்குங்கள். நேரடியாக நல்ல போர்ட்டில் மாட்டிய பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கே பழுதாகத் தொடங்கியிருக்கலாம். முதல் வேலையாக டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மலிவு கேபிளால் லேப்டாப் பழுதாகுமா?

ஆகும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், ஆன்லைனில் விற்கும் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து விமர்சனம் எழுதி வந்தவர். 2016 பிப்ரவரியில் அப்படிச் சோதித்த ஒரு கேபிளால் அவருடைய லேப்டாப்பே பழுதானது. அந்தக் கேபிளில் 5 வோல்ட் கம்பியும் கிரவுண்ட் கம்பியும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. அதிவேக டேட்டாவுக்கான கம்பிகள் உள்ளே இல்லவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது எதுவும் தெரியாது. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், வேகமும் வாட் அளவும் எழுதப்பட்ட, தயாரிப்பாளர் பெயர் உள்ள கேபிளை பில் போட்டு வாங்குவது நல்லது. லேப்டாப் சார்ஜ் செய்ய 60 வாட்டுக்கு மேல் தேவைப்பட்டால், அதற்கான சிப் பொருத்திய 100 அல்லது 240 வாட் கேபிள்தான் வாங்க வேண்டும்.

டிஸ்க் மாட்டியதும் மவுஸ் தடுமாறுகிறதா?

யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, பழைய வைஃபை எல்லாம் அதே அலைவரிசைதான். மவுஸின் ரிசீவரை டிஸ்க்கிலிருந்து தள்ளி, வேறு பக்க போர்ட்டில் மாட்டினால் போதும்.

காப்பி முடிஞ்சாச்சு, கேபிளை உருவலாமா?

உடனே உருவக் கூடாது. திரையில் காப்பி முடிந்ததாகக் காட்டினாலும், கடைசிப் பகுதி இன்னும் கம்ப்யூட்டரின் மெமரியிலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் உருவினால் ஒரு ஃபைல் மட்டும் போகாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெட்டு, டிஸ்க் முழுவதும் காலி போலத் தெரியலாம்.

2018-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, சீக்கிரம் கழற்றுவதற்கு ஏற்ற முறைதான் இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஃபைல் திறந்திருக்கும்போதோ எழுதிக்கொண்டிருக்கும்போதோ உருவினால் அதுவும் காப்பாற்றாது. மேக், லினக்ஸில் 'இஜெக்ட்' கொடுத்தே ஆக வேண்டும்.

'டிஸ்க் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தால், திறந்திருக்கும் வீடியோ, ஃபோல்டர்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்பவும் விடவில்லை என்றால், கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

தவறி உருவிட்டீங்களா?

மறுபடி மாட்டும்போது 'ஃபார்மட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். பதற்றத்தில் 'ஆம்' கொடுத்துவிடாதீர்கள். பல நேரம் உள்ளே டேட்டா அப்படியேதான் இருக்கும், அட்டவணை மட்டும்தான் கெட்டிருக்கும். டிஸ்க்கில் புதிதாக எதையும் ஏற்றாமல், டேட்டா மீட்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிதாக ஏற்றும் ஒவ்வொரு ஃபைலும் பழைய போட்டோவின் மேல் எழுதப்படலாம்.

சுருக்கமாக...

- போர்ட், கேபிள், டிஸ்க் மூன்றிலும் வேக எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்
- சார்ஜர் கேபிளை டேட்டாவுக்குப் பயன்படுத்தாதீர்கள்
- ஹப் என்றால் அடாப்டர் உள்ளதாக இருக்கட்டும்
- வழியில் கிடந்த, யாருடையது என்று தெரியாத பென்டிரைவை மாட்டவே கூடாது. பென்டிரைவ் வடிவில் இருப்பது, கீபோர்டு போல நடித்துக் கட்டளை கொடுக்கவும் முடியும் என்பதை 2014-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள்
- 'இஜெக்ட்' கொடுத்து, டிஸ்க்கின் விளக்கு அடங்கிய பிறகே கழற்றுங்கள்

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு டிஸ்க்கில் மட்டும் வைத்திருப்பது பேக்கப் ஆகாது. எவ்வளவு நல்ல கேபிளும் கீழே விழுந்த டிஸ்க்கைக் காப்பாற்றாது. திரும்பக் கிடைக்காத போட்டோவும் வீடியோவும் குறைந்தது இரண்டு இடத்திலாவது இருக்கட்டும்.